ஹெச்டிஆர் போட்டா காலண்டர் படமாட்டம் ஆயிருது, கண்ல பாத்தாப்ல கொண்டு வர்றது எப்பிடிங்க?

கொறங்காட்டான்:
எல்லாத்துக்கும் வணக்கமுங்க. காங்கேயம் தாராபுரம் ரோட்டுல ஒரு கொறங்காட்டுல (வேலி போட்ட மேய்ச்சல் காடு) பொழுது விழற நேரத்துல எடுத்த படம் ரெண்டு போட்டிருக்கறன். மொதப் படம் கேமரால வந்தது அப்பிடியே, ரெண்டாவது மூணு ஷாட் (-2, 0, +2, அதாவது ரெண்டு ஸ்டாப் இருட்டா ஒண்ணு, நடுவால ஒண்ணு, ரெண்டு ஸ்டாப் வெளிச்சமா ஒண்ணு; ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் ரெண்டு மடங்கு, இல்லீன்னா பாதி) எடுத்து ஒட்டுக்கா சேத்து ஹெச்டிஆர் பண்ணுனது. நல்ல ஆடி மாச மேகம், ஓரமெல்லாம் வெளிச்சம் ஏறி நிக்குது, கீழ கிளுவ வேலி, நடுவால ஒரு வெள்வேல மரம், அதுக்கடியில செம்மறி அஞ்சாறு படுத்திருக்குது, பின்னால கரண்ட் எடுக்கற காத்தாடி ரெண்டு. நான் நின்னு பாக்கறப்ப மேகமும் தெரிஞ்சுது, மரத்தடி ஆடும் தெரிஞ்சுது. கேமரால மேகத்துக்கு மீட்டர் வெச்சா ஆடு ஒண்ணுமே தெரியாம கருப்பா போயிருது, ஆட்டுக்கு வெச்சா வானம் வெளுத்துப் போயிருது, அதுக்குத்தான் ஹெச்டிஆர்.

சேத்ததுக்கப்புறம் எல்லாமே தெரியுதுங்க, அதுல கொற இல்ல. ஆனா ஊட்ல காட்டுனா "ஏங்கண்ணு இது நம்ம பக்கத்துக் காடா, காலண்டரா?"ன்னு அம்மா கேக்கறாங்க. மரத்தைச் சுத்தி வெள்ளையா ஒரு கரை ஓடுது, காத்தாடிக்கு றெக்கை எச்சா இருக்குது, கிளுவ வேலி பச்சை கண்ணைக் குத்துது. சாப்ட்வேர மாத்தோணுமா, கேமராவ மாத்தோணுமா, இல்ல எடுக்கறதுலயே ஏதாச்சும் இருக்குதா?

காந்திபுரம் கிளிக்:
கேமரா லென்ஸ் பேரு போடுங்க மொதல்ல. ராவா ஜேபெக்கா?

கொறங்காட்டான்:
ரா (கேமரா சுருக்காம குடுக்கற மூல ஃபைலு) தானுங்க. கேமரா பழசு, க்ராப் சென்சார் (சின்ன சென்சாரு), கூட வந்த 18-55 லென்சு. ட்ரைபாட் இருக்குது. போட்டோமேட்டிக்ஸ்ங்கற ஹெச்டிஆர் சாப்ட்வேர்ல போட்டு அதுல இருக்கற ப்ரீசெட் (ரெடிமேட் செட்டிங்) ஒண்ண அமுக்குனனுங்க.

மேக்கால காத்து:
தம்பி, கேமரா ஒண்ணும் பண்ணல, அது பாட்டுக்கு இருக்கட்டும். உங்க ரெண்டாவது படத்தைக் கலரெல்லாம் எடுத்துட்டு கருப்பு வெள்ளையா மாத்தி ஒருக்கா பாருங்க. நான் இறக்கிப் பாத்தன், மேகத்தோட ஓரமும் கீழ இருக்கற காஞ்ச புல்லும் கிட்டத்தட்ட ஒரே சாம்பல்ல நிக்குது, மரத்துக்குப் பின்னால ஒரு எடத்துல வானம் புல்லை விடவும் இருட்டா இருக்குது. பொழுதுக்கு எதிர நின்னு எடுத்த படத்துல அது நடக்குமாங்க? மேகம் வெளிச்சம் குடுக்கற சாமான், புல்லு அந்த வெளிச்சத்த வாங்கற சாமான். பாக்கறவங்களுக்கு ஸ்டாப் தெரியாது, ஹிஸ்டோகிராம் (இடது பக்கம் இருட்டு, வலது பக்கம் வெளிச்சம்னு காட்டற வரைபடம்) தெரியாது, ஆனா இது மட்டும் ஒடனே தெரிஞ்சுரும், அதான் அம்மா கேட்டது.

ஹெச்டிஆர்ல வெளிச்சத்தோட வித்தியாசத்த சுருக்கறோம், சரி. மேகத்துக்கும் மரத்தடிக்கும் அங்க 10 ஸ்டாப் இருந்துச்சுன்னா படத்துல 5 ஸ்டாப்பா சுருக்கலாம், 4 கூட ஆக்கலாம். ஆனா வரிசைய மாத்தக்கூடாது. மேகம் மொதல்ல, அப்புறம் வெயில் பட்ட புல்லு, அப்புறம் வேலி, கடைசில மரத்தடி. இந்த வரிசை நின்னுச்சுன்னா எவ்ளோ சுருக்குனாலும் கண்ணு ஏத்துக்கும். ப்ரீசெட்டு என்ன பண்ணுதுன்னா ஒவ்வொரு சின்ன எடத்தையும் அதுக்குப் பக்கத்துல இருக்கறதோட மட்டும் ஒப்பிட்டு இருட்ட ஏத்துது வெளிச்சத்த எறக்குது, படம் முழுக்க எது பெருசு எது சிறுசுன்னு அதுக்கு அக்கறை இல்ல. அந்த வெள்ளைக் கரையும் அதுனால வர்றதுதான். மரக் கிளை இருட்டு, பின்னால வானம் வெளிச்சம், ரெண்டும் ஒட்டிக்கிட்டு இருக்கற எடத்துல சாப்ட்வேரு எங்க ஏத்தறது எங்க எறக்கறதுன்னு கோட்ட மழுங்கலா போடுது, மரத்த ஏத்துனது கிளையத் தாண்டி வானத்துலயும் சிந்திருது. வெள்வேல மரத்துல முள்ளும் சிமிறுமா இருக்கும், ஒவ்வொரு முள்ளச் சுத்தியும் கரை கட்டிருக்குது பாருங்க, 100 சதவீதம் பெருசு பண்ணிப் பாத்தா நல்லாத் தெரியும்.

அதுனால ப்ரீசெட்ட விடுங்க. ஸ்ட்ரெங்த், டீட்டெய்ல் காண்ட்ராஸ்ட், கிளாரிட்டி இதெல்லாம் எறக்குங்க. மரத்தடி இருட்ட கொஞ்சூண்டு மட்டும் ஏத்துங்க, அங்க ஆடு படுத்திருக்குதுன்னு தெரிஞ்சா போதும், ஆட்டு முடி எண்ணற அளவுக்கு வேண்டாம். நிழல்னா நிழலாத்தான் இருக்கோணும்.

காந்திபுரம் கிளிக்:
அண்ணா சொல்றது சரி ஆனா ஒண்ணு சொல்லட்டுங்களா, நான் கல்யாண ஆல்பம் பண்றவன், அவுட்டோர்ல ஜோடிய ஆழியாறுல நிக்க வெச்சு பின்னால மலைய ஹெச்டிஆர் கணக்கா இழுத்து உட்டாத்தான் பார்ட்டி சந்தோசப்படறாங்க. நேச்சுரலா குடுத்தா "டல்லா இருக்குதே"ங்கறாங்க. லைக்கும் அதுக்குத்தான் வருது.

மேக்கால காத்து:
அது உங்க பார்ட்டிக்கு நீங்க பண்றது, அதுல நான் என்னத்தச் சொல்ல. தம்பி கேட்டது கண்ல பாத்தாப்ல வேணும்னு.

நொய்யல் கரை:
இவ்ளோ கஷ்டம் எதுக்குங்கறன். கோயமுத்தூர்ல இருந்து பாத்தா வெள்ளியங்கிரி, மருதமலை எல்லாம் மேக்கால இருக்குது. பொழுதோட போனா பொழுது மலைக்குப் பின்னால, மலை ஒரே இருட்டு, வானம் ஒரே வெளிச்சம், அப்புறம் ஹெச்டிஆர்னு மூணு மணி நேரம் கம்ப்யூட்டர்ல குந்திக்கறது. அதையே வெடியால போங்க, பொழுது கெளம்பி அரை மணி நேரத்துல கெழக்கால இருந்து வெயிலு மலை மேல நேரா விழும், மலைக்கும் வானத்துக்கும் மூணு நாலு ஸ்டாப் வித்தியாசம் வந்தா எச்சு, ஒரே ஷாட்டு, ஜேபெக்குலயே முடிஞ்சுரும். வெளிச்சம் நல்லா இருக்கற நேரத்துக்குப் போகாம சாப்ட்வேர்ல வெளிச்சம் தேடறது நமக்கு ஒத்து வராதுங்க.

கொறங்காட்டான்:
ஆடு பட்டிக்குத் திரும்பற நேரம் பொழுதோடதானுங்க, வெடியால போனா ஆடு பட்டியில இருக்கும் :)

நொய்யல் கரை:
அதுஞ்சரி.

அமராவதி அம்மிணி:
நொய்யல் அண்ணா சொல்றதுல பாதிய ஒத்துக்கறன். உடுமலையில எங்களுக்கு மலை தெக்கால, வெயிலு காலையிலயும் பொழுதோடயும் சைடுல இருந்து வரும், அதுனால பாதி நாள் ஹெச்டிஆர் தேவையே படறதில்ல. ஆனா ஆடி ஆவணில பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற மேகம் இருக்குது பாருங்க, கீழ நெழலு ஓடுது மேல வெள்ளையா கொதிக்குது, அது எந்த நேரத்துக்குப் போனாலும் ஒரே ஷாட்ல அடங்காது.

தம்பிக்கு நான் சொல்ல வந்தது எடுக்கறதப் பத்தி. அப்பர்ச்சர் ப்ரயாரிட்டில (லென்ஸ் தொறப்ப நாம வெச்சா ஷட்டர கேமரா பாத்துக்கற மோட்) வெச்சு எஃப் 8, ஐஎஸ்ஓ (சென்சார் வெளிச்சத்த உணர்ற அளவு) 100, ஆட்டோ ஐஎஸ்ஓவ கண்டிப்பா ஆஃப் பண்ணிருங்க, சில கேமரால ஷட்டர மாத்தறதுக்குப் பதிலா ஐஎஸ்ஓவ மாத்திக்கிட்டு உக்காந்திருக்கும். அப்பர்ச்சரு மூணு ஷாட்லயும் ஒண்ணாவே இருக்கோணும், இல்லீன்னா ஃபோகஸ் ஆழம் மாறி சேக்கறப்ப கொழம்பும். ஒயிட் பேலன்ஸ் ஆட்டோல விடாம வெயிலுக் குறிய வெச்சிருங்க, ரால பின்னால மாத்திக்கலாம், இருந்தாலும் மூணும் ஒண்ணா இருந்தா வேலை கம்மி. ட்ரைபாட்ல வெச்சா லென்ஸ்ல ஸ்டெபிலைசர் ஆஃப். முக்கியமா ட்ரைவ் மோட கன்டினியூஸ்ல போட்டு ரிமோட்ல அமுக்கிப் புடிங்க, 1/500, 1/125, 1/30 மூணும் பட பட பட்டுன்னு ஒரு செகண்டுக்குள்ள முடிஞ்சுரும். ஒவ்வொண்ணா அமுக்கினீங்கன்னா நம்மூருக் காத்துக்கு மேகமே எடம் மாறிரும்.

எத்தன ஷாட்டுங்கறதுக்குக் கணக்கு வேண்டாம். இருட்டு ஷாட்ல ஹிஸ்டோகிராம் வலது சுவத்த முட்டாம இருக்கோணும், வெளிச்ச ஷாட்ல இடது சுவத்த விட்டு நகந்திருக்கோணும், அவ்ளோதான். பொழுதே ஃப்ரேமுக்குள்ள இருந்துச்சுன்னா அது மட்டும் வெளுக்கத்தான் செய்யும், விட்டுருங்க. பொழுதுக்குள்ள டீட்டெய்ல் தேடிப் போனவங்க படத்தப் பாருங்க, பொழுது சாம்பக் கலர்ல ஒரு வட்டமா, சுத்தி மோதிரம் மோதிரமா நிக்கும்.

கொறங்காட்டான்:
அக்கா ரொம்ப நன்றிங்க. காத்தாடி றெக்கை எச்சா வந்தது அதானா? நான் ஒவ்வொரு ஷாட்டாத்தான் அமுக்குனன்.

அமராவதி அம்மிணி:
கன்டினியூஸ்ல போட்டாலும் காத்தாடி விடாது கண்ணு. மூணு ஷாட்டுக்குள்ள றெக்கை நகந்துரும், மூணு றெக்கை மூணு எடத்துல, ஒம்பது றெக்கை மங்கலா வரும். கோஸ்ட்டிங்னு சொல்லுவாங்க. லைட்ரூம்ல ஹெச்டிஆர் மெர்ஜ் பண்றப்ப டீகோஸ்ட் லோ, மீடியம், ஹைன்னு இருக்கும், மீடியம் வெச்சுப் பாருங்க, எந்த எடத்துல ஒரே ஷாட்ட மட்டும் எடுத்துக்குதுன்னு செவப்பாக் காட்டும். அந்த எடத்துல மட்டும் நாய்ஸ் (புள்ளி புள்ளியா) எச்சா தெரிய வாய்ப்பிருக்குது.

நான் பண்றது வேற. காத்தாடி நிக்கறது வானத்துல, அதுக்கு இருட்டு ஷாட்டே போதும். இருட்டு ஷாட்ட மேல லேயரா (அடுக்கா) வெச்சு, மாஸ்க் (எந்த எடம் தெரியோணும், எது மறையோணும்னு சொல்ற மறைப்பு) போட்டு வானத்தையும் காத்தாடியையும் அதுல இருந்தே எடுத்துக்குவன், தரைய மட்டும் நடு ஷாட்ல இருந்து. அப்ப றெக்கை ஒரே ஷாட்ல இருந்து வருது, மூணுதான் இருக்கும். தென்ன மரத்துக்கும் இதேதான், பொள்ளாச்சிப் பக்கம் போனீங்கன்னா ஓலை ஒரு நிமிசம் சும்மா இருக்காது. ஒவ்வொரு மரத்தையும் ஏதாச்சும் ஒரு ஷாட்டுக்கு எழுதி வெச்சுருங்க, ரெண்டு ஷாட்ல பங்கு போட வேண்டாம்.

இளநிக்கடை:
அக்கா ஃபோட்டோஷாப் வாங்க காசில்லாதவங்க என்ன பண்றது

மேக்கால காத்து:
ஜிம்ப் ஃப்ரீதானுங்க, லேயர் மாஸ்க் எல்லாம் அதுலயே இருக்குது. ரா கன்வர்ட் பண்ண டார்க்டேபிள் இல்லீன்னா ராதெரபி, அதுவும் ஃப்ரீ. சேக்கறதுக்கு என்ஃப்யூஸ்னு ஒண்ணு, ஹகின்ங்கற ஃப்ரீ சாப்ட்வேர் கூடவே வரும். நேச்சுரலா வேணும்கறவங்களுக்கு நான் மொதல்ல சொல்றது என்ஃப்யூஸத்தான். அது ஹெச்டிஆர் ஃபைலே பண்றதில்ல, டோன் மேப்பிங்கும் (ஹெச்டிஆர் ஃபைல ஸ்கிரீனுக்குச் சுருக்கறது) இல்ல. 2007ல வந்த எக்ஸ்போஷர் ஃப்யூஷன்னு ஒரு முறை, ஒவ்வொரு புள்ளிக்கும் மூணு ஷாட்ல எதுல வெளிச்சம் சரியா விழுந்திருக்குது, எதுல காண்ட்ராஸ்ட் நல்லா இருக்குது, எதுல கலர் நிக்குதுன்னு பாத்து அதுக்கு எச்சா மார்க்கு போட்டு கலக்குது. வர்ற படம் சப்புன்னு இருக்கும், அதப் பாத்து பயந்துக்காதீங்க, அப்புறம் ஒரு கர்வ் (காண்ட்ராஸ்ட் ஏத்தற வளைகோடு) போட்டா போதும். காத்துக்கு மட்டும் அது ஒத்து வராது, ஆடுன ஓலை ஆடுன மாதிரியே மங்கலா வரும், அதுக்கு அம்மிணி சொன்ன வழிதான்.

சங்ககிரி டீசல்:
ஏனுங்க இப்ப வர்ற ஃபுல் ஃப்ரேம்ல (பெரிய சென்சார் கேமரா) 14 ஸ்டாப் கிட்ட புடிக்குதுங்கறாங்களே, ஐஎஸ்ஓ 100ல மேகத்துக்கு மீட்டர் வெச்சு ஒரே ஷாட் எடுத்து இருட்ட தூக்குனா போதாதா. நான் அப்பிடித்தான் பண்றன், கோஸ்ட்டும் இல்ல ட்ரைபாடும் இல்ல.

மேக்கால காத்து:
போதும், தாராளமா. உங்க கேமராவுக்கு அதான் நல்ல வழி. தம்பியோட பழைய க்ராப் சென்சார்ல நாலு ஸ்டாப் தூக்குனா இருட்டுல கோடு கோடா வரும், பச்சையும் ஊதாவுமா புள்ளி வேற. அவருக்கு ரெண்டு ஸ்டாப் வரைக்கும் தூக்கலாம், அதுக்கு மேல ப்ராக்கெட்டிங் (இருட்டு, நடு, வெளிச்சம்னு பல ஷாட் எடுக்கறது). ஒரே ராவ மூணு தாட்டி வேற வேற எக்ஸ்போஷர்ல கன்வர்ட் பண்ணி சேக்கறவங்களும் இருக்கறாங்க, அதுல புதுசா வெவரம் ஒண்ணும் வராது, ஒரு ஷாட்ல இருக்கறதுதான் இருக்கும், இருந்தாலும் மாஸ்க் போட வசதி.

நொய்யல் கரை:
நம்ம காலத்துல கேமராவுக்கு முன்னால ஜிஎன்டி ஃபில்டர் (வானத்து வெளிச்சத்த மட்டும் கொறைக்கற கண்ணாடி) சொருகுனா முடிஞ்சுது. மேல கருப்பு கீழ கண்ணாடி.

அமராவதி அம்மிணி:
கடல் கரையில சரிங்கண்ணா, கோடு நேரா இருக்கும். நம்ம மலை ஏறி எறங்கில்ல நிக்குது, ஃபில்டரோட கோடு மலைத் தலையில விழுந்து மேல் பாதி மலை மட்டும் இருட்டா வரும். தம்பி படத்துல அந்த வெள்வேலமும் வானத்துல பாதி நிக்குது, மரத்தோட உச்சிய அது அமுக்கிரும்.

பழைய நெகட்டிவ்:
வேடிக்கை பாத்துட்டு இருந்தன், ஒண்ணு சொல்லிட்டுப் போறன். இதொண்ணும் புதுசில்ல. 1850கள்லயே பிரான்சுல குஸ்தாவ் லு க்ரேன்னு ஒருத்தர் கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ்னு எடுத்து ரெண்டையும் சேத்து பிரிண்ட் போட்டாரு. அந்தக் காலத்து ப்ளேட்டுக்கு நீலம்னா பேராசை, கடலுக்கு எக்ஸ்போஸ் பண்ணுனா வானம் வெளுத்துரும். ஆன்சல் ஆடம்ஸ் பத்திக் கேள்விப்பட்டிருப்பீங்க, அவரும் ஃப்ரெட் ஆர்ச்சரும் 1940 வாக்குல ஜோன் சிஸ்டம்னு போட்டாங்க, கருப்புல இருந்து வெள்ளை வரைக்கும் படி படியா பிரிச்சு, எந்த சாமான் எந்தப் படியில விழோணும்னு எடுக்கறதுக்கு முன்னாலயே முடிவு பண்றது. மேக்கால காத்து சொன்ன வரிசை அதுதான். டார்க்ரூம்ல நாங்களும் வானத்துக்கு எச்சா வெளிச்சம் காட்டுவோம், நிழலுக்கு கைய வெச்சு மறைப்போம். ஹெச்டிஆரத் திட்டறவங்க இதத் திட்டுனதில்ல.

சங்ககிரி டீசல்:
அருமைங்க ஐயா

இளநிக்கடை:
என்ற போன்லயே ஹெச்டிஆர் இருக்குது நான் எடுத்ததெல்லாம் நல்லாத்தான வருது. இத்தன மாஸ்க் எதுக்கு

மேக்கால காத்து:
போன் பண்றதும் இதேதான், 2010ல ஐபோன் 4ல ஹெச்டிஆர்னு பட்டன் வந்துச்சு, இப்ப பட்டனே இல்லாம எல்லா போனும் பல ஷாட் எடுத்து தானா சேக்குது. பகல்ல நல்லாவும் இருக்குது. ஆனா எவ்ளோ ஏத்தறதுன்னு போன் முடிவு பண்ணுது, நீங்க இல்ல. மரத்தடி நிழல் வேணும்னு நீங்க நெனச்சாலும் அது தொடச்சு உட்டுரும். போன்லயும் ரா எடுக்க வந்துச்சுன்னா அதுல எடுத்துப் பாருங்க. இன்னொண்ணு, 2023ல ஆண்ட்ராய்டு 14 கூட அல்ட்ரா ஹெச்டிஆர் வந்துச்சு, அந்த மாதிரி படம் நல்ல ஸ்கிரீன்ல மேகம் உண்மையாவே பளீர்னு எரியும், பழைய ஸ்கிரீன்ல சாதாரணமா தெரியும். அதுல வெளிச்சத்த அவ்ளோவா சுருக்கவே தேவையில்ல. இங்க நாம பேசறது சாதாரண ஸ்கிரீனுக்கும் பிரிண்டுக்கும் சுருக்கறதப் பத்தி.

அமராவதி அம்மிணி:
தம்பி, கலரப் பத்தி யாரும் சொல்லல. இருட்ட தூக்குனா அதுக்குள்ள இருக்கற கலரும் சேந்து தூக்கிக்கிட்டு வரும், கிளுவ வேலி அப்பிடிப் பச்சையா ஆனதுக்கு அதான் காரணம். வெயில் காஞ்ச கிளுவையில பச்சையோட பழுப்பும் சாம்பலும் இருக்கும், கொழுக்கட்டப் புல்லு கிட்டத்தட்ட வைக்கோல் நெறம். சாச்சுரேஷன மொத்தமா எறக்காதீங்க, மேகத்தோட மஞ்சளும் போயிரும். ஹெச்எஸ்எல்ல (ஒவ்வொரு கலரையும் தனித்தனியா மாத்தற பகுதி) பச்சைய மட்டும் எறக்கி, மஞ்சள் பக்கமா கொஞ்சம் தள்ளுங்க. மரத்தடி நிழல்ல லேசா நீலம் இருக்கும், அது வானத்துல இருந்து வர்ற வெளிச்சம், அத சரி பண்றன்னு ஆட்டோ ஒயிட் பேலன்ஸ அமுக்கிராதீங்க. வெயிலு மஞ்சளாவும் நிழல் நீலமாவும் இருந்தாத்தான் பொழுதோட எடுத்ததுன்னு தெரியும்.

டீஹேஸ் (தூசி மங்கல எடுக்கற) ஸ்லைடர்லயும் கைய அடக்கோணும். வால்பாறை ரோட்டுல 9வது கொண்டை ஊசி வளைவுல, லோம்ஸ் வியூ பாயிண்ட்ல நின்னு ஆழியாறு அணைய எடுக்கறவங்க எல்லாரும் இதத்தான் பண்றாங்க. கீழ தண்ணி, அதுக்கப்பால தென்னந்தோப்பு, அதுக்கப்பால சமவெளி தூசியில மங்கிப் போயி நிக்கும். தூரத்துல இருக்கறது மங்கலா, வெளிறி, நீலம் பாஞ்சு இருக்கறதாலதான் அது தூரம்னு கண்ணுக்குப் படுது. டீஹேஸ இழுத்து எல்லாத்தையும் கூராக்குனா பொள்ளாச்சி அணைக்கட்டு மேல வந்து குந்திக்கிச்சு. போட்டே ஆகோணும்னா மாஸ்க் போட்டு பக்கத்துல இருக்கறதுக்கு மட்டும் கொஞ்சம் போடுங்க.

கொறங்காட்டான்:
மூணாவது படம் போட்டிருக்கறனுங்க, மறுபடியும் மொதல்ல இருந்து பண்ணுனது. நடு ஷாட் தரைக்கு, இருட்டு ஷாட் வானத்துக்கு, மாஸ்க் ஜிம்ப்ல. பச்சைய எறக்கிட்டன். ஆடு லேசாத்தான் தெரியுது.

காந்திபுரம் கிளிக்:
நல்லா இருக்குது தம்பி. என்ற பார்ட்டிக்குக் காட்டுனா டல்லுன்னுதான் சொல்லுவாங்க, ஆனா நல்லா இருக்குது.

மேக்கால காத்து:
இப்ப சரி. வலது ஓரத்துல வேலிக்கு மேல மாஸ்க் கொஞ்சம் கீழ எறங்கிருச்சு, வேலியோட தலை இருட்டா தெரியுது பாருங்க. மாஸ்க்க பிரஷ்ல வரையாம, நடு ஷாட்டோட வெளிச்சத்துல இருந்தே எடுங்க, லுமினாசிட்டி மாஸ்க்குனு சொல்றது. ஜிம்ப்ல நடு ஷாட்ட காப்பி பண்ணி கலர எடுத்துட்டு, அதயே இருட்டு ஷாட்டோட மாஸ்க்குல ஒட்டி, லெவல்ஸ்ல காண்ட்ராஸ்ட் ஏத்துங்க. வானம் வெள்ளையா இருக்கற எடமெல்லாம் தானா மாஸ்க் ஆயிரும், ஒவ்வொரு முள்ளுக்கும் இடையில கூட. அப்புறம் சித்த மழுங்க விடுங்க, ரொம்ப மழுங்கவிட்டா மறுபடியும் அந்தக் கரை வந்துரும்.

கொறங்காட்டான்:
இன்னிக்கு ராத்திரி பண்ணிப் பாக்கறனுங்க. கடைசியா ஒண்ணு, இத பிரிண்ட் போட்டு ஊட்ல மாட்டோணும். போன தாட்டி ஒரு லேப்ல குடுத்தன், அவங்களே பிரைட்னஸ் எல்லாம் ஏத்தி காண்ட்ராஸ்ட்ட இழுத்து குடுத்துட்டாங்க.

காந்திபுரம் கிளிக்:
இது என்ற ஏரியா. லேப்ல ஆட்டோ கரெக்ஷன் ஓடிக்கிட்டே இருக்கும், எல்லா படத்துக்கும் பொதுவா. "கரெக்ஷன் வேண்டாம், அப்பிடியே போடுங்க"ன்னு ஆர்டர் சீட்டுலயே எழுதச் சொல்லுங்க, வாய்ல சொன்னா மெஷின்காரருக்குப் போயிச் சேராது. ஃபைல எஸ்ஆர்ஜிபில (பொதுவா எல்லாரும் வெச்சிருக்கற கலர் ப்ரொஃபைல்) மாத்தி 300 டிபிஐல குடுங்க. அப்புறம் ஸ்கிரீன்ல பாக்கற வெளிச்சம் பேப்பர்ல வராது, நல்ல பளபள பேப்பர்லயே 7 ஸ்டாப் கிட்டத்தான் நிக்கும், மேட்ல இன்னும் கம்மி. மரத்தடி ஆடு பேப்பர்ல மூழ்கிரும். பேப்பர் எது, சைஸ் எவ்ளோ?

கொறங்காட்டான்:
மேட்டுங்க, 12க்கு 18.

காந்திபுரம் கிளிக்:
அப்ப பிரிண்டுக்குன்னு தனியா ஒரு காப்பி வெச்சு நிழல மட்டும் கால் ஸ்டாப், அரை ஸ்டாப்னு ரெண்டு விதமா ஏத்துங்க. ஆடு இருக்கற எடத்தையும் மேகத்தையும் மட்டும் வெட்டி, ரெண்டையும் 6க்கு 4ல அதே மேட் பேப்பர்ல டெஸ்ட் போட்டு வாங்குங்க. மாட்டப் போற செவுத்துக்கிட்டயே, பகல் வெளிச்சத்துலயும் ராத்திரி லைட்டுலயும் வெச்சுப் பாத்துட்டு அப்புறம் பெருசுக்கு ஆர்டர் குடுங்க.